மூன்றாவது இலை

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் இரண்டு இலை போடுவதுதான் வழக்கம். தாத்தாவுக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று. தாத்தாவின் இலைக்குப் பக்கத்தில் ஒரு வேட்டி, ஆயாவின் இலைக்குப் பக்கத்தில் ஒரு புடவை. 2022-லிருந்து மூன்றாவதாக ஓர் இலை விழுகிறது. அதன் பக்கத்தில் அம்மா ஒரு துண்டை மட்டும் மடித்து வைப்பாள். வேட்டி வைப்பதா புடவை வைப்பதா என்று அவளுக்குத் தெரியாது. அந்த இலைக்கு உரியவர் ஆணா பெண்ணா, பெயர் என்ன, எந்த ஊர், எந்தச் சாதி, ஒன்றும் தெரியாது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை அவருடைய சிறுநீரகம் ஒன்றை என் அப்பாவின் வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சிறுநீரகம் முதலில் வேலை செய்யவில்லை. இறந்தவரிடமிருந்து எடுத்து வைத்தால் சில நாள் அது தூங்கும், பயப்படாதீங்க என்றார்கள். ஆறு நாள் தூங்கியது. டயாலிசிஸ் தொடர்ந்து நடந்தது. ஏழாம் நாள் காலை பையில் ஐம்பது மில்லி இருந்தது. மறுநாள் முந்நூறு. அதற்கடுத்த நாள் இரண்டு லிட்டர். அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மணிக்கணக்குப் போட்டு எழுதிவைத்தாள். சொந்தக்காரர்கள் போன் பண்ணி "சாப்பிட்டாரா" என்று கேட்பதற்கு முன்னால் "யூரின் எவ்ளோ வந்துச்சு" என்று கேட்டார்கள். மூத்திரத்தைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகப் பேசிய குடும்பம் அந்த வார்டில் எங்களைத் தவிர இன்னும் இரண்டு இருந்தது.

நன்றி சொல்ல எங்களுக்கு ஆட்கள் நிறைய. அறுவை சிகிச்சை செய்தவர்கள், காப்பீட்டு அட்டை வேலையை முடித்துக் கொடுத்த ஊழியர், இரவில் ரத்தம் கொடுத்த என் நண்பர்கள் இருவர், மூன்று மாதம் வெளி ஆள் யாரும் வரக்கூடாது என்றபோது வாசலிலேயே காய்கறியை வைத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு அக்கா. எல்லோருக்கும் சொன்னோம். முக்கியமான ஆளுக்குத்தான் சொல்ல வழியில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா" என்றார் அவர். கோபமில்லாமல், பழகிப்போன குரலில்.

அந்த மூன்று மாதத்தில்தான் உறுப்பு மாற்றின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் டாக்டர்களின் வரலாறு. ரத்தக்குழாயைத் தைக்கக் கற்றது, உடல் ஏன் அயல் சதையைத் தள்ளுகிறது என்று கண்டது, அதை அடக்க மருந்து கண்டது. எனக்கு அதற்குள் வேறொன்று தேவைப்பட்டது. உறுப்பைப் பெற்ற குடும்பங்கள் தங்கள் நன்றியை என்ன செய்தன?

*

1954 டிசம்பர் 23. பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை. ரிச்சர்ட் ஹெரிக்குக்கு 23 வயது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரொனால்டு அவருடைய ஒரே கரு இரட்டையர். ஜோசப் மர்ரியின் குழு, ரொனால்டின் ஒரு சிறுநீரகத்தை எடுத்து ரிச்சர்டுக்கு வைத்தது. நீண்டநாள் வேலை செய்த முதல் சிறுநீரக மாற்று அது. இருவரும் உண்மையிலேயே ஒரே கருதானா என்று உறுதிப்படுத்தத் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள், கைரேகை எடுத்துப் பார்த்தார்கள். மர்ரிக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு இரண்டு சம்பவங்கள். அறுவைக்கு முந்தின இரவு ரிச்சர்ட் ஒரு சீட்டு எழுதித் தம்பியின் அறைக்கு அனுப்பினார்: இங்கிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விடு என்று. இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று ரொனால்டு பதில் சீட்டு அனுப்பினார். சாகக்கிடந்தவன் உயிரை வாங்கிக்கொள்ளத் தயங்கியிருக்கிறான். (யார் மூத்தவர் என்று எனக்கு நிச்சயமில்லை. தம்பி என்று எழுதியது என் தமிழ்ப் பழக்கம்.) இரண்டாவது, அதற்கு முன்பு நடந்தது. ஆலோசனைக் கூட்டத்தில் ரொனால்டு ஒரு கேள்வி கேட்டாராம். ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றோடு வாழப்போகிறேனே, என் ஆயுசு முழுக்க மருத்துவத்தை இந்த ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளுமா? அவருக்கு அறுவை செய்ய இருந்த டாக்டர் ஹாரிசன், நிச்சயமாக இல்லை என்றாராம். உடனே திருப்பிக் கேட்டாராம்: உனக்கு ஒரு கஷ்டம் என்றால் இந்த அறையில் இருக்கிற யாராவது உன்னைப் பார்க்காமல் இருப்போமா? ரொனால்டு யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

கொடுத்தவனுக்கு நாம் என்ன பட்டிருக்கிறோம் என்ற கேள்வி முதல் நாளே, கத்தி வைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதில் எழுத்தில் வரவில்லை, வாய்ப்பேச்சாக வந்தது. ரிச்சர்ட் பிழைத்தார். தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஒருவரையே கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண் குழந்தைகள். 1963-இல் இறந்தார். ரொனால்டு கணக்கு வாத்தியாராக வாழ்ந்து 2010-இல், 79-ஆம் வயதில் இறந்தார்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீட்டு இருந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது, அம்மாவின் ரத்தவகை சேரவில்லை. அத்தை தானாக வந்து "என்னோடத எடுத்துக்க சொல்லுண்ணே" என்றது. பரிசோதனையில் அத்தைக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வருத்தப்பட்டோம். அப்பா மட்டும் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "வாங்கிட்டேன்னு வை, அப்புறம் அது என்ன சொன்னாலும் தலையாட்டணும்டா" என்றார். தாத்தா வீட்டு நிலம் அப்போது பாகம் பிரியாமல் கிடந்தது.

இதை ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேசி என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் 1970களிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். உறுப்பு மாற்று வார்டுகளில் பல வருடம் உட்கார்ந்து பார்த்தவர்கள். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கட்டாயங்கள் எந்தக் கொடையிலும் உண்டு என 1925-இல் மார்செல் மோஸ் எழுதியதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறுநீரகத்தை எதைக் கொண்டு திருப்பிக் கொடுப்பது? முடியாது. முடியாததால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விடமுடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரைக் கொடையின் கொடுங்கோன்மை என்று தமிழில் சொல்லலாம். அப்பா ஏழாம் வகுப்பு. மோஸ் பக்கம் போகாமலே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

நம் மொழியிலேயே அது இருக்கிறது என்பதும் காரணமாக இருக்கலாம். நன்றிக்கடன் என்று ஒரே சொல்லாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். குறளில் நன்றி என்றால் நன்மை, செய்த உதவி. வாயால் 'நன்றி' என்று சொல்லி முடித்துக்கொள்வது பிற்பாடு வந்த மேடைப் பழக்கம். அம்மாவிடம் நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொன்னால் "என்னடா ஆச்சு உனக்கு" என்பாள்.

*

கடனைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு: காசு கொடுத்துவிடுவது. எண்பதுகளின் சென்னை அதைத்தான் கண்டுபிடித்தது.

இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அப்போதெல்லாம் அண்ணன் தம்பி, தாய் பிள்ளை கொடுத்தால்தான் ஓரளவு நிற்கும். எழுபதுகளில் ஒரு மண் பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்து வந்தபின் யார் சிறுநீரகமும் யாருக்கும் ஆகலாம் என்றானது. உறவு தேவையில்லை என்றதும் தரகர் வந்தார். வில்லிவாக்கம் குடிசைப் பகுதிக்குக் கிட்னிவாக்கம் என்றே பெயர் வந்தது. வளைகுடா நாடுகளிலிருந்தெல்லாம் நோயாளிகள் இந்தியாவுக்கு வந்தார்கள்.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வு ஒன்று 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. கைக்குக் கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. இன்னொருவருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்ற கேள்விக்கு 79 விழுக்காட்டினர் மாட்டோம் என்றார்கள்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன். பதிவுசெய்து காத்திருந்த இரண்டாம் வருடம் ஒருவர் எங்களிடமும் வந்து பேசினார். ஒரு தொகை சொன்னார். நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. வங்கியில் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்தேன். போதாது என்பதால்தான் விட்டேன். எங்கள் குடும்பத்தின் நேர்மைக்கு எங்கள் சம்பளச் சீட்டும் ஒரு காரணம்.

1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பது குற்றம் என்றது. மூளைச்சாவை மரணமாக ஏற்றது. நெருங்கிய உறவினர் கொடுக்கலாம், அல்லாதவர் பாசத்தாலோ பிணைப்பாலோ கொடுப்பதாக இருந்தால் அதற்கென்று ஒரு குழுவின் அனுமதி வேண்டும். பாசத்தை எப்படி நிரூபிப்பது? பழைய போட்டோ கேட்டார்கள். சேர்ந்து எடுத்த படம். தரகர்கள் அதற்கும் ஏற்பாடு செய்தார்கள் என்பது வேறு கதை. அது முடிந்த கதையும் இல்லை, 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்கள் செய்தியில் வந்தார்கள், அதே கடன், அதே தழும்பு. சட்டத்துக்குள்ளேயே நடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: இந்தியாவில் உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பான்மை ஆண்கள். அத்தை தானாக வந்தது என்று மேலே எழுதினேன். சித்தப்பா இருவர் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவர்களும் வரவில்லை.

*

இறந்தவர் கொடுத்ததில் உலகமே அறிந்த கதை கேப் டவுனில் நடந்தது. 1967 டிசம்பர் 2, சனிக்கிழமை. டெனிஸ் டார்வல் என்ற 25 வயதுப் பெண் அம்மாவோடு கேக் வாங்கக் கடைக்குப் போனாள். சாலையைக் கடக்கும்போது கார் மோதியது. அம்மா அங்கேயே இறந்தாள். டெனிஸுக்கு மூளை போய்விட்டது, இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா எட்வர்டு டார்வலிடம் டாக்டர்கள் கேட்டார்கள். அவர் நான்கு நிமிடம் யோசித்ததாகச் சொல்வார்கள். மகள் தன் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தது, முதல் சம்பளத்தில் தனக்கு ஒரு குளியல் அங்கி வாங்கித் தந்தது, அதெல்லாம் அந்த நான்கு நிமிடத்தில் ஞாபகம் வந்ததாம். பிறகு, அவளைக் காப்பாற்ற முடியாதென்றால் அந்த மனுஷனைக் காப்பாற்றப் பாருங்கள் என்றாராம்.

கிறிஸ்டியான் பர்னார்டு மறுநாள் அந்த இதயத்தை லூயிஸ் வாஷ்கான்ஸ்கிக்கு வைத்தார். அவர் 18 நாள் வாழ்ந்தார். உலகம் பர்னார்டின் படத்தைப் போட்டது. டெனிஸின் சிறுநீரகம் ஒன்று 10 வயதுக் கலப்பினச் சிறுவன் ஒருவனுக்குப் போனது என்பது அன்றைய நிறவெறி நாட்டில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதமே ஒரு கலப்பின இளைஞரின் இதயம் பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளைக்காரப் பல் டாக்டருக்குள் போய் 19 மாதம் துடித்தது. கூட உட்கார முடியாத ஒரு சமூகத்தில் உள்ளே உட்கார்ந்துவிட்டது.

கவனித்தீர்களா, எல்லோருடைய பெயரும் நமக்குத் தெரிகிறது. ஆரம்ப காலத்தில் இப்படித்தான். பத்திரிகைகளில் வந்தது, குடும்பங்கள் சந்தித்துக்கொண்டன. தங்கள் பிள்ளை அந்த வீட்டில் உயிரோடு இருப்பதாக இந்த வீட்டார் நினைக்கத் தொடங்கினார்கள். வாங்கியவர் திணறினார், அவர் இறந்தபோது இவர்களுக்குப் பிள்ளை இரண்டாம் முறை இறந்தது. ஃபாக்ஸும் ஸ்வேசியும் பார்த்ததில் முக்கியமானது இது. இதையெல்லாம் கண்ட பிறகுதான் மருத்துவக் குழுக்கள் பெயரை மறைக்கத் தொடங்கின. "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா" என்ற அந்தப் பழகிய குரலுக்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

மறைப்பதை எதிர்த்தவரும் உண்டு. 1994-இல் இத்தாலிக்குச் சுற்றுலா போன அமெரிக்கக் குடும்பம் ஒன்றை நெடுஞ்சாலையில் கொள்ளையர்கள் சுட்டார்கள். காரில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயது நிக்கோலஸ் கிரீன் இறந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளை அந்த நாட்டவர் ஏழு பேருக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். இத்தாலியே வெட்கத்தில் குனிந்தது. உறுப்புக் கொடை அங்கே பல மடங்கு கூடியது. ஏழு பேரையும் பெற்றோர் சந்தித்தார்கள். கல்லீரல் பெற்ற இளம்பெண் பிற்பாடு கல்யாணமாகித் தன் மகனுக்கு நிக்கோலஸ் என்று பெயர் வைத்தாள். இத்தாலிக்காரர்கள் மணிகளை அனுப்பிவைத்தார்கள், தேவாலய மணி, கப்பல் மணி, மாட்டு மணி. கலிபோர்னியாவில் அவன் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட அந்த மணிகள் ஒரு கோபுரத்தில் தொங்குகின்றன. கடற்காற்று அடித்தால் சத்தம் வருகிறது. 1999-இல் இத்தாலி கொண்டுவந்த சட்டம் இரண்டு பக்கத்தையும் ஒருவருக்கொருவர் தெரியாதபடி ஆக்கியது. அதைத் தளர்த்தச் சொல்லி அப்பா ரெஜ் கிரீன் வயதான காலத்திலும் இத்தாலிக்குப் போய்ப் போய்ப் பேசினார்.

*

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் ஒரு எல்லைக்கல். மூளைச்சாவு அறிவிப்பதற்கும், உறுப்புகளை வரிசைப்படிப் பகிர்வதற்கும் அரசு அந்த ஆண்டில்தான் ஆணைகள் போட்டது. டாக்டர் அமலோற்பவநாதன் அந்தத் திட்டத்தை நடத்தினார். சென்னையில் 1997-இலேயே தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன், வார்டு வாசலில் உட்கார்ந்து குடும்பங்களோடு பேசும் ஒருங்கிணைப்பாளர்களைப் பழக்கிவைத்திருந்தது. அந்தச் செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். 15 வயது. பெற்றோர் இருவரும் டாக்டர்கள். எந்திரத்தில் துடிப்பது உயிரில்லை என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது வரமா தண்டனையா தெரியவில்லை. போலீஸ் சாலையை ஒழித்துக்கொடுக்க, அவன் இதயம் 11 நிமிடத்தில் முகப்பேருக்குப் போய் ஒன்பது வயதுச் சிறுமிக்கு வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கக் குடும்பங்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்கின.

2023 செப்டம்பரில், உறுப்புக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். சில நாளிலேயே தேனி மாவட்டத்தில் முதல் மரியாதை நடந்தது. டிவியில் காட்டினார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். விளம்பரம் வரும்வரை நின்றார்.

அரசாங்கம் பெயரைச் சொல்லி மாலை போடுகிறது. ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லாதே என்கிறது. நடுவில் பத்திரிகை இருக்கிறது. அப்பாவுக்கு அறுவை நடந்த மறுநாள் மூன்று பத்திரிகை வாங்கினேன். இரண்டாவதன் மாவட்டச் செய்தியில் அரைப் பத்தி: பைக் விபத்தில் மூளைச்சாவு, உறுப்புகள் தானம், எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு எது போனது, பையனின் பெயர், ஊர், அப்பாவின் தொழில். தேதியும் ஆஸ்பத்திரியும் பொருந்தின. வெட்டி எடுத்து பர்ஸில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து, கிரியேட்டினின் 1.3-இல் நிலைத்தபிறகு, ஆபீசுக்கு லீவு போட்டு அந்த ஊருக்குப் போனேன். நிறுத்தத்தில் இறங்கியதும் டீக்கடைக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். வெயிலில் வெளுத்து ஒரு மூலை கிழிந்திருந்தது. கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கீழே நண்பர்களின் பெயர் வரிசை. டீ சொன்னேன். வீடு எது என்று கேட்டால் கடைக்காரர் காட்டியிருப்பார்.

கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்து யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். இவன்தான் என்பது நிச்சயமா? இருந்தால், போய் என்ன சொல்வது, உங்கள் பையன் எங்கள் வீட்டில் நன்றாக இருக்கிறான் என்றா? அவன் அம்மா அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டி வருவதா? அறுபத்திரண்டு வயது ஆளைக் காட்டி, உங்கள் பையன் கொடுத்தது இவருக்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கடைசியாக வந்த யோசனைதான் வெட்கமானது. அவர்கள் கஷ்டத்தில் இருந்து, தங்கச்சி கல்யாணம் என்று எதாவது கேட்டால்? நாங்கள் கொடுக்க வேண்டியிருக்கும், எவ்வளவு கொடுத்தாலும் முடியாது. அத்தை விஷயத்தில் அப்பா பயந்த அதே பயம். டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அறுவை நடந்த அந்த இரவு இன்னொருவரையும் போன் பண்ணி வரவழைத்திருந்தார்கள். ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை பொருந்தாவிட்டால் மற்றவருக்கு. நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அவர் மனைவி அம்மாவுக்கு பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். நாலு மணிக்கு அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பையை எடுத்துக்கொண்டு, "நல்லபடியா நடக்கும்மா" என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். அவருக்குப் பிறகு கிடைத்ததா என்று அம்மா இன்றும் கேட்கிறாள். கிளினிக்குக்குப் போகும் நாட்களில் பெஞ்சுகளில் தேடுகிறாள்.

இந்த ஆடி அமாவாசைக்கு இலை போட்டு முடித்துவிட்டு அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நாலு வருஷமா துண்டு வெக்கறேன். பேரு வேணாம், ஊரு வேணாம். ஆணா பொண்ணான்னு மட்டும் தெரிஞ்சாக்கூடப் போதும்டா."

"பையன்மா" என்றேன்.

என்னைப் பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அப்பா கூடத்தில் மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அம்மா துண்டைப் பீரோவில் வைத்துவிட்டு, எனக்குப் பொங்கலுக்கு எடுத்து இன்னும் பிரிக்காமல் இருந்த வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன வயசு இருக்கும்?" என்றார் அப்பா.